பாசுமதி: பெயரும் பண்பும்

நெல்லுக்கும் தமிழருக்கும் உள்ள உறவைப் பற்றி விளக்கம் எதுவும் வேண்டுவதில்லை. எனினும், பிறந்த மண்ணை விட்டுத் தில்லி மாநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அரிசி ஒரு வினாவாகவே ஆகிவிட்டது. எந்தக் கடையில் நல்ல புழுங்கல் கிடைக்கும், எந்தப் பச்சரிசி பொங்கலுக்குக் குழையும், பர்மல் அரிசியைச் சாம்பாருக்கு ஏற்ப வடிப்பது எவ்வாறு என்பன போன்ற செய்திகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே நம் இல்லத்தரசியர் ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டனர். இந்த ஆராய்ச்சியில் சேராமல் தனித்து நிற்பது பாசுமதி. விருந்தினர் வந்தால் அதை வாங்குவோம்; ஊருக்குப் போகும்போது உறவினர்க்குக் கொண்டு கொடுப்போம்; அன்றாடச் சோற்றுக்கு மட்டும் அதை ஆக்க மாட்டோம்.

என் அன்னையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து முதன்முறையாகத் தில்லிக்கு வந்தபோது, அவரை மகிழ்விக்க எண்ணி உயர்ந்த விலையில் பாசுமதி வாங்கி வந்தேன். அவர் வழக்கம்போல் கஞ்சி வடித்து, தட்டிலிட்டு, வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்தார். சோறு கையில் கூடவில்லை. குழம்பு ஒரு பக்கமும் பருக்கை ஒரு பக்கமுமாக நின்றன. "வாசனையெல்லாம் இருக்குப்பா, சோறுதான் இல்லே" என்றார். அன்று அத்தீர்ப்பு எனக்கும் சரியென்றே பட்டது. பின்னர் இவ்வரிசியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் குற்றம் அரிசியில் இல்லை, அதனிடம் நாம் கேட்ட வேலையில் இருந்தது என்பது விளங்கிற்று. அதனோடு வேறொன்றும் விளங்கிற்று. பாசுமதி என்னும் பெயர் எக்காலத்தும் ஒரே நெல்லைக் குறித்ததன்று. அப்பெயரை எந்த மண்ணுக்கு, எந்த விதைக்கு உரியதாக்குவது என்னும் வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் பெயரைக் காண்போம். இந்தியில் 'பாஸ்' என்பது மணத்தைக் குறிக்கும். நாம் வழங்கும் வாசம், வாசனை என்னும் சொற்களுக்கு அது உறவுடையது. எனவே பாசுமதி என்பதற்கு மணமுடையது என்பதே பொருள். தமிழில் எழுதும்போது 'மதி' என்னும் ஈறு நிலவையும் அறிவையும் நினைவூட்டுகிறது. அஃது அழகான நினைவேயாயினும் சொல்லாராய்ச்சிக்கு உதவாது.

மணமுள்ள நெல்லை விரும்பிப் போற்றுதல் இந்நாட்டில் மிகப் பழைய வழக்கம். சரக சங்கிதை கூறும் நெல் வகைகளுள் 'சுகந்தகம்' என்பது ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங்குக்கு 'மகாசாலி' என்னும் அரிசி நாள்தோறும் அளக்கப்பட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பெரிய மணியும் மிக்க மணமும் உடைய அவ்வரிசி மகத நாட்டுக்கே உரியதாம். ஆனால் மகாசாலியையோ சுகந்தகத்தையோ பாசுமதியின் முன்னோர் என்று கொள்ள இடமில்லை. மணமுடைய நெல்லினங்கள் இந்நாட்டில் பல. கோவிந்தபோகும் மணக்கும், நம் சீரகச்சம்பாவும் மணக்கும். மணம் ஒன்றை மட்டும் கொண்டு குலம் கூறுதல் பிழையாகும்.

இப்பிழை அக்பர் காலத்து வரலாற்றை எழுதுவோரிடமும் காணப்படுகிறது. அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரியில் அரண்மனைக்கு வாங்கிய பண்டங்களின் விலைப்பட்டியல் உள்ளது. அரிசிகளுள் விலை மிகுந்தது 'முஷ்கின்'. ஒரு மணங்கு 110 தாம். 40 தாம் ஒரு ரூபாய் என்பது அக்காலக் கணக்கு. 'முஷ்க்' என்பது கத்தூரி. எனவே முஷ்கின் என்பதைக் கத்தூரிச் சம்பா என்றே நாம் பெயர்த்துக்கொள்ளலாம். அடுத்து சுக்தாஸ் 100 தாம், தேவ்சீரா 90 தாம், ஜின்ஜின் 80 தாம் என்று விலை இறங்கி, சாட்டி என்னும் அறுபது நாள் நெல்லின் அரிசி 20 தாமில் முடிகிறது. அறுபதாங்குறுவையை அறிந்த நமக்கு அந்தச் சாட்டி அயலானவன் அல்லன். அரண்மனை அடுக்களைக்குச் சுக்தாஸ் பகராயிச்சிலிருந்தும், தேவ்சீரா குவாலியரிலிருந்தும், ஜின்ஜின் ரஜௌரி முதலிய இடங்களிலிருந்தும் வந்தன என்ற குறிப்பும் அந்நூலில் உண்டு. இவ்வளவு நுணுக்கமாக எழுதிய அப்பட்டியலில் பாசுமதி என்னும் பெயர் இல்லை. முஷ்கின் என்பதே பாசுமதி என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் முஷ்கின் நீள மணியா குறு மணியா என்று விலைப்பட்டியல் கூறவில்லை.

அப்பெயருக்கு எழுத்திலுள்ள பழைய சான்றாகப் பலரும் காட்டுவது பஞ்சாபிக் கவிஞர் வாரிஸ் ஷா 1766இல் பாடிய 'ஹீர்' என்னும் காவியத்தை. மணவிழாவிற்கெனக் குவித்த அரிசி வகைகளை அடுக்கும் இடத்தில் பாசுமதியின் பெயர் வருகிறது. அவ்வரிசையிலேயே முஷ்கியின் பெயரும் தனியே வருகிறது என்பதைக் கருத வேண்டும். ஆக, பஞ்சாபின் மக்கள் வழக்கில் கத்தூரி அரிசி வேறு, பாசுமதி வேறு. பாசுமதி அரசவை தந்த பட்டம் அன்று. உழவரும் வணிகரும் பாடகரும் வழங்கிய பெயர்.

டேராடூன் பாசுமதியைப் பற்றி வேறொரு செவிவழிச் செய்தி உண்டு. ஆப்கானியரின் அமீர் தோஸ்து முகமது 1840இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்து மசூரியில் காவலில் வைக்கப்பட்டார். அவருக்கு இவ்வூர் அரிசி பிடிக்காமையால் தம் நாட்டு விதைநெல்லை வருவித்து மலையடிவாரத்தில் விதைக்கச் செய்தார் என்றும், அங்கு அது தாய்மண்ணிலும் சிறந்து விளைந்தது என்றும் டேராடூனில் கூறுவர். நாடிழந்த மன்னன் ஒருவன் தன் சோற்றுக்காக ஏங்கினான் என்பது நம் போன்றோர்க்கு நம்ப எளிதான கதை. ஆயினும், மசூரியில் அமீர் கால் வைப்பதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே பாசுமதி பஞ்சாபிக் காவியத்தில் ஏறிவிட்டது. அவர் ஒரு விதையைக் கொணர்ந்திருக்கலாம். பாசுமதியைக் கொணர்ந்தார் எனல் பொருந்தாது.

இனி அந்நெல்லின் பண்பை நோக்குவோம். பழைய பாசுமதி பகற்பொழுதின் நீளத்தை உணரும் பயிர். எப்போது நட்டாலும், பகல் குறுகத் தொடங்கிய பின்னரே கதிர் தள்ளும். ஆடி மாதத்தை ஒட்டி நட்டால் புரட்டாசி வாக்கில் பூத்து, கார்த்திகையில் அறுவடைக்கு வரும். மணி பால் பிடித்து முற்றும் அந்நாள்களில் இமயத்தின் அடிவாரச் சமவெளியில் பகல் தெளிந்தும் இரவு குளிர்ந்தும் இருக்கும். அந்தக் குளிர்ச்சியே மணத்தைக் காக்கிறது. வெப்பத்தில் முற்றிய மணியில் மணம் குன்றும். அதே விதையைக் காவிரிக் கரையில் விதைத்தால் நெல் விளையும், ஆனால் அந்த மணம் அதே அளவில் வாய்க்காது. பாசுமதியை இடத்தோடு சேர்த்துப் பேசுவதற்கு இதுவே காரணம்.

அம்மணத்தின் மூலப்பொருளை அறிவியலார் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். 2-அசெட்டைல்-1-பைரோலின் என்பது அதன் பெயர். ஈழத்தார் கறியிலும் சோற்றிலும் இடும் ரம்பை இலையின் மணமும் அதே பொருளால் ஆனதுதான். மணமற்ற சாதாரண நெல்லில் இப்பொருள் சேராதவாறு தடுக்கும் மரபணு ஒன்று உண்டு என்றும், மணமுள்ள நெல்லில் அம்மரபணு சிதைந்து செயலிழந்திருக்கிறது என்றும் 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். ஒரு குறைபாட்டைத்தான் இத்தனை காலமாக நாம் அரச உணவாகப் போற்றி வந்திருக்கிறோம்! வியப்பு அதனோடு முடியவில்லை. மெலிந்து நீண்ட மணியைப் பார்த்து இதை நம் நாட்டு இண்டிகா இனத்தின் நெருங்கிய உறவு என்றே எவரும் எண்ணுவர். மரபணு ஆய்வோ, இது கிழக்காசியரின் குறுமணி நெல்லான ஜப்போனிகாவுக்கு நெருங்கிய தனிக் குடி என்கிறது.

மணம் ஒரு பாதி. மற்றொரு பாதி, வேகும்போது மணி வளரும் முறை. நம் பொன்னியும் பிற அரிசிகளும் வெந்தால் நீளத்திலும் பருமனிலும் ஒருசேரப் பெருக்கும். பாசுமதி பெரும்பாலும் நீளவாட்டிலேயே வளரும். நல்ல அரிசி ஏறத்தாழ இருமடங்கு நீளும், பருமன் சிறிதே கூடும். அமைலோசு என்னும் மாப்பொருட்கூறு இதில் 20 முதல் 25 விழுக்காடு வரை உள்ளது. அது மிகுந்திருந்தால் சோறு ஆறியதும் விறைக்கும். குறைந்திருந்தால் குழைந்து ஒட்டும். இடைநிலையில் நிற்பதால் பாசுமதிச் சோறு மென்மையாகவும் இருக்கிறது, உதிரி உதிராகவும் இருக்கிறது. புது அரிசிக்கு இப்பண்பு முழுமையாக வாராது. ஓராண்டேனும் இருப்பில் கிடந்து பழகிய பின்னரே அது நீரை நன்கு ஏற்று, ஒட்டாமல், முழு நீளத்திற்கு எழும். தில்லி நயாபஜார் வணிகர்கள் பழைய அரிசிக்கு விலை கூட்டிச் சொல்வதில் நியாயம் உண்டு.

இப்பண்பு எந்த அடுக்களைக்காகப் போற்றி வளர்க்கப்பட்டது என்பதை அயினி அக்பரியின் பாகக் குறிப்புகளே கூறிவிடுகின்றன. 'சர்த் பிரிஞ்ச்' என்னும் மஞ்சள் சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, 3½ சேர் நெய். அதன்மேல் திராட்சை, பாதாம், பிஸ்தா. கிச்சடிக்கு அரிசி, பருப்பு, நெய் ஒவ்வொன்றும் 5 சேர். அரிசிக்குச் சமமாக நெய் என்பதைப் படித்தபோது என் கண்களை நான் ஒருமுறை துடைத்துக்கொண்டேன். இவையன்றிப் புலவு வகைகளும் பிரியாணி வகைகளும் வேறு. இவை அனைத்திலும் சுவை சோற்றின்மேல் ஊற்றப்படுவதன்று; சமைக்கும்போதே மணிக்குள் ஏற்றப்படுவது. இறைச்சியின் சாறும் நெய்யும் குங்குமப்பூவும் ஒவ்வொரு பருக்கையிலும் இறங்க வேண்டும். இறங்கிய பின்னும் பருக்கைகள் தனித்தனியே நிற்க வேண்டும். குழையும் அரிசியை இவ்வாறு சமைத்தால் களியாகும்.

நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. நம் சோறு தனக்கெனச் சுவை எதையும் கோராமல் அடுப்பிலிருந்து இறங்குகிறது. இலைக்கு வந்த பின்னரே குழம்பு, சாறு, மோர் என்று வரிசையாகச் சுவையேறுகிறது. பிசைவதற்கு அது சற்றே குழைய வேண்டும், விரலுக்கு அடங்க வேண்டும். என் அன்னையார் அன்று பாசுமதியிடம் இதைத்தான் எதிர்பார்த்தார். தமிழகத்துப் பிரியாணியிலும் ஆம்பூரும் திண்டுக்கல்லும் சீரகச்சம்பாவையே பெரிதும் நாடியதற்கு இச்சுவைப் பழக்கம் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. குறுமணி மசாலாவை உறிஞ்சி, சாற்றோடு ஒன்றிவிடும். பாசுமதி சாற்றை ஏற்றும் தன் தனிமையை விடாது.

பாசுமதியைச் சமைக்கும் முறையும் இதனால் வேறுபடுகிறது. மெல்லக் கழுவி, அரைமணி நேரமாவது ஊறவைத்து, உப்பிட்ட நிறைந்த கொதிநீரில் இட்டு, முக்கால் வேக்காட்டில் வடித்துவிட வேண்டும். எஞ்சிய வேக்காட்டை மூடிய பாத்திரத்தின் ஆவியே பார்த்துக்கொள்ளும். மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்துத் தம் போடுவது இதற்காகத்தான். வெந்த பின் கரண்டியால் கிண்டினால் நீண்ட மணி ஒடியும். அகப்பையின் விளிம்பால் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆலையில் ஒடிந்த அரிசியையும் வடநாட்டார் வீணாக்குவதில்லை. திபார், துபார், மோக்ரா என்று நீளம் குறையக் குறையப் பெயரும் விலையும் மாறும். மோக்ரா என்பது மல்லிகையின் பெயர். நொய்க்கு மல்லிகை என்று பெயரிட்ட வணிகரின் நாவன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். மணத்தில் அது நீள அரிசிக்குக் குறைந்ததன்று என்பதால் பொய்யென்றும் சொல்ல முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் பாசுமதி ஆராய்ச்சி நிலையத்திற்குள் வந்தது. லாகூருக்கு அருகில் காலா ஷா காக்கு என்னும் ஊரில் 1926இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே சர்தார் முகமது கான் என்பார் உழவரிடம் வழங்கிய பாசுமதியிலிருந்து தனித்தேர்வு செய்து 1933இல் வெளியிட்ட வகைதான் பாசுமதி 370. அதுவரை ஊருக்கு ஊர் சிறிதே வேறுபட்டிருந்த நெல்லுக்கு அப்போதுதான் எண்ணும் இலக்கணமும் ஏற்பட்டன. பதினான்கு ஆண்டுகளில் நாடு பிரிந்தது. காலா ஷா காக்குவும், ராவிக்கும் செனாபுக்கும் இடைப்பட்ட புகழ்பெற்ற வயல்களும் பாகிஸ்தானுக்குப் போயின. விதை மட்டும் இரு பக்கமும் நின்றது. இந்தியப் பக்கத்தில் அமிர்தசரசு, கர்னால், டேராடூன் வயல்கள் பாசுமதியின் வீடாயின. கர்னால் மாவட்டத்துத் தராவடியின் பெயரால் 'தராவடி பாசுமதி' என ஒரு வகை உண்டு. 1191லும் 1192லும் பிருதிவிராசனும் கோரி முகமதும் பொருத தரெயின் போர்க்களம் அவ்வூர்தான் என்பதைப் பள்ளியில் படித்த நம்முள் பலர், அவ்வூரின் அரிசியை அறியாமலேயே உண்டிருப்போம்.

அடுத்த கட்டம் தில்லியிலேயே நிகழ்ந்தது. கரோல்பாக்கில் வாழ்ந்த தமிழர் அனைவரும் அறிந்த பூசா வளாகத்திற்கு அப்பெயர் பீகாரிலிருந்து வந்தது. அங்குள்ள பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1934இன் நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936இல் தில்லிக்குப் பெயர்ந்தது. அக்கழகத்தில், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனிடம் ஆய்வு பயின்றவர் இ. ஏ. சித்திக். இளையான்குடியில் 1937இல் பிறந்த இத்தமிழர், பாசுமதியைக் குட்டையாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

குட்டையாக்குவது ஏன்? பழைய பாசுமதி ஓர் ஆள் உயரத்திற்கு வளர்ந்து, சற்றே உரமிட்டாலும் தாள் மெலிந்து சாய்ந்துவிடும். எக்டேருக்கு இரண்டு, இரண்டரை டன்னுக்கு மேல் காண்பது அரிது. பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லோ அதனினும் இருமடங்கு விளைந்தது. அந்நிலையில் மணத்துக்காக நட்டத்தை ஏற்கும் உழவர் எத்தனை பேர் இருப்பர்? குட்டை நெல்லோடு பாசுமதியை ஒட்டினால் விளைச்சல் வரும். மணமோ, நீட்சியோ, மென்மையோ ஏதேனும் ஒன்று போய்விடும். இரு பக்கத்துப் பண்பும் பொருந்திய பயிரைப் பல தலைமுறைகளில் தேடிப் பொறுக்கிய முயற்சியின் பயனாக 1989இல் பூசா பாசுமதி 1 வெளிவந்தது. உலகின் முதல் குட்டைப் பாசுமதி அது. எக்டேருக்கு நான்கரை டன் அளவில் விளைந்ததோடு, பகல் நீளத்திற்குக் காத்திராமல் முன்னதாகவும் முதிர்ந்தது. சித்திக்குக்கு 2011இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் சங்க மேடைகளில் கவிஞரையும் நடிகரையும் பாராட்டிய அளவுக்கு இத்தகையோரை நாம் பாராட்டவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

பின்னர் 2003இல் வந்த பூசா 1121 முதலில் 'பூசா சுகந்த் 4' என்றே வழங்கியது. 2008இல்தான் அதற்குப் பாசுமதி என்னும் பெயர் அரசு ஆணையால் கிடைத்தது. வெந்த பருக்கை 20 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் இவ்வரிசி ஈரானிலும் அரபு நாடுகளிலும் விருந்துகளை ஆட்கொண்டது. 2023–24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த பாசுமதி 52 லட்சம் டன்னுக்கு மேல். புதிய வகைகள் இன்றி அது நடந்திராது. ஆனால் நீளத்தில் வென்ற 1121, மணத்தில் 370க்கோ தராவடிக்கோ இணையாகாது என்பது சமைப்போர் பலரின் முடிவு. என் மூக்கும் அதையே கூறுகிறது. பெயரின் பொருளோ மணமுடையது என்பது. சந்தை விலை கொடுப்பதோ நீளத்திற்கு.

பெயருக்கு மதிப்பு ஏறியபோது வழக்கும் ஏறிற்று. டெக்சாஸ் மாநிலத்து ரைஸ்டெக் நிறுவனம் 1997 செப்டம்பரில் பாசுமதி நெல்வகைகளுக்கும் மணிகளுக்கும் 20 கோரிக்கைகள் கொண்ட காப்புரிமையை அமெரிக்காவில் பெற்றது. இந்தியா 2000இல் அதை எதிர்த்து மறு ஆய்வு கோரியது. நிறுவனம் சிலவற்றைத் தானே கைவிட்டது. முடிவில் அது உருவாக்கிய மூன்று வகைகளுக்கு மட்டுமே உரிமை எஞ்சியது. காப்புரிமையின் தலைப்பும் மாற்றப்பட்டது. காப்புரிமை அடியோடு நீங்கிவிட்டது என்று நம் மேடைகளில் பேசுவது மிகை. ஆனால் தன் வீட்டிலேயே பெயரைப் பதிவு செய்யாதவன் அயலாரிடம் வழக்காடுவது கடினம் என்பதை அந்நிகழ்ச்சி தில்லிக்கு உணர்த்தியது.

அந்தப் பதிவு நடந்த இடம் சென்னை. நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான் உள்ளது. நெடிய விசாரணைக்குப் பின் 2016இல் பாசுமதி பதிவாயிற்று. பஞ்சாப், அரியானா, இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், நாம் குடியிருக்கும் தில்லி ஆகியவற்றோடு உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியும் ஜம்முவின் சில மாவட்டங்களும் எல்லைக்குள் வந்தன. மத்தியப் பிரதேசம் தன் 13 மாவட்டங்களையும் சேர்க்கக் கோரி வாதாடியது. அதன் மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. உச்சநீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை நீக்கி, மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே அனுப்பியது. இமயத்தடி நெல் எது என்பதைக் கடற்கரை நகரத்து நீதிமன்றம் ஆராய நேர்ந்தது சட்டத்தின் விளையாட்டு. இதற்கிடையே 2018இல் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்திடம் அப்பெயருக்குக் காப்புக் கோரியது. 2020இல் பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்தது. 2021இல் தன் நாட்டிலும் பாசுமதியைப் பதிவு செய்துகொண்டது. 370 பிறந்த நிலையம் அவர்கள் பக்கம் இருக்கையில் அவர்களுக்கு உரிமையில்லை என்று வரலாறு படித்தவன் சொல்ல இயலாது.

சட்டம் எல்லை வகுக்கலாம். வயலைக் காப்பது வேறு. 2000இல் புதிய மாநிலத்தின் தலைநகரானபின் டேராடூன் விரிந்தது. மாஜ்ரா முதலிய இடங்களில் பாசுமதி விளைந்த நிலங்கள் மனைகளாயின. கடைகளில் 'டேராடூன் பாசுமதி' என்று எழுதிய மூட்டைகள் குறையவில்லை. அந்நெல் விளையும் நிலம்தான் குறைந்தது. செயற்கை மணம் ஏற்றிய அரிசி பாசுமதி என்று விற்கப்படுவதைத் தடுக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இயற்கை மணமே இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. பெயரிலேயே மணத்தைக் கொண்ட அரிசிக்கு இப்படியொரு விதி தேவைப்பட்டது.

என் அன்னையார் பின்னர்ப் பல குளிர்காலங்களை எங்களோடு கழித்தார். பாசுமதியை வத்தக்குழம்புக்கு அழைப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். நீள அரிசியைத் தேங்காய்ச் சோற்றுக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் வைத்துக்கொண்டு, மோக்ராவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ஏலக்காயைக் குறைத்தே போட்டார், அரிசியின் மணத்தை அது மறைக்கிறதென்று. கடையில் ஒரு பிடி அரிசியை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். புது அரிசியானால் தகர டப்பாவில் கொட்டி, வசம்பின் வாடை ஏறிவிடும் என்று அதைப் போடாமல், உப்பைத் துணியில் முடிந்து உள்ளே வைப்பார். டப்பாவின்மேல் வாங்கிய மாதத்தைக் கரிக்கோலால் எழுதுவார். ஓராண்டு நிறையுமுன் அதைத் திறக்க எங்களில் எவருக்கும் அனுமதியில்லை.